பனி காயுமுன் கட்டிய புல்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மெல்பர்னுக்கு வந்த புதிதில் பாம்புக்குப் பயந்தேன். பிறகு சிலந்திக்கு. கார் ஓட்டப் பழகியபோது ரவுண்டபவுட்டுக்கு. டார்னெய்ட்டில் குடியேறிய பிறகு, பக்கத்து வயல்வெளியிலிருந்து எழும்பும் கோடைப் புகைக்கு. என் கணவர் எதற்கும் பயப்படாதவர். அது தைரியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கற்பனை வறட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் எஞ்சினியர். அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மன்னார்க்காரர் ஒருவர் அவருக்கு உயிர் நண்பர். நண்பர் பாக்கஸ் மார்ஷ் தாண்டிக் கொஞ்சம் நிலமும் ஒரு பழைய மரவீடும் வாங்கி, மனைவி பிள்ளைகளோடு அங்கேயே குடிபோனார். ஆடு வளர்த்தார், பிறகு மாடும் வாங்கினார். குளிர் முடிந்து வசந்தம் வந்ததும் புல் இடுப்பளவு எழும்பி நின்றது. வெட்டாமல் விட்டால் கோடையில் அதுவே நெருப்புக்குத் தீனி. வெட்டிக் காயவைத்துக் கட்டினால் மாட்டுக்குத் தீனி. ஆனால் அவ்வளவு சின்ன நிலத்துக்குப் பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் யாரும் வரத் தயாரில்லை. அதனால் இரண்டு ஆண்களும் கூடிப் பேசி, ஒரு பண்ணை ஏலத்தில், எங்கள் அப்பாக்கள் வயதிருக்கும் சாம்பல் நிற டிராக்டர் ஒன்றையும், அதன் பின்னால் இழுத்துப்போகிற சிவப்பு பேலர் ஒன்றையும் வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகுதான் மனைவிமாருக்குச் சொன்னார்கள்.

பேலர் என்றால், தரையில் வரிவரியாகக் கிடக்கும் காய்ந்த புல்லை அள்ளி விழுங்கி, இடித்து அமுக்கி, பெட்டி மாதிரிக் கட்டாக்கி, கயிறு சுற்றி முடிச்சும் போட்டுப் பின்பக்கமாகத் தள்ளும் ஓர் இயந்திரம். ஓடும்போது உள்ளே ஏதோ ஒன்று டம் டம் என்று முட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் காதில் இல்லை, வயிற்றில்தான் கேட்கும். டிராக்டருக்கும் பேலருக்கும் நடுவே ஓர் இரும்புத் தண்டு சுழலும். டிராக்டரின் சக்தி அது வழியாகத்தான் பேலருக்குப் போகிறது. அந்தத் தண்டைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு சட்டை நுனி மாட்டினால் போதும், ஆளையே சுருட்டிவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பெல்ட்டில் செருகாத சட்டையோடு அவரை அந்தப் பக்கம் விடமாட்டேன். நண்பரின் மனைவி துப்பட்டாவோடு டீ கொண்டுபோனால் பாதி வழியில் மறித்து நானே வாங்கிக்கொண்டு போவேன்.

"அக்கா, நீங்கள் வந்தா எங்களுக்கு ஒரு சேஃப்டி ஆஃபீசர் வந்த மாதிரி," என்பாள் அவள். கிண்டல்தான். ஆனாலும் துப்பட்டாவைக் கழற்றி, அவர்கள் குசினி என்று சொல்லும் சமையலறையில் மாட்டிவிட்டுத்தான் வெளியே வருவாள். நல்ல பெண்.

முதல் வருஷம் அந்தப் பேலர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மூன்று கட்டு ஒழுங்காக வரும், நாலாவது முடிச்சு விழாமல் பிரிந்து தரையில் கொட்டும். இருவரும் இறங்கி, எண்ணெய் போட்டு, ஸ்பேனரால் தட்டி, ஆளுக்கொரு மொழியில் திட்டி, திரும்ப ஓட்டுவார்கள். கன்வேயர் எஞ்சினியருக்கு அது பெரிய மானப் பிரச்சினை. கிடங்கில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் இயந்திரமெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறது, இந்தக் கிழட்டுச் சிவப்புப் பெட்டி கேட்கவில்லையே என்று வீட்டில் வந்து புலம்புவார்.

அதனால்தான் இரண்டாம் வருஷம் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ராகு காலம் எமகண்டம் என்று என் அம்மா போனில் சொன்னால் கேலி செய்கிற மனிதர், காலண்டர் ஆப்பைத் திறந்து நல்ல நேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல நேரம். அப்போது ஆரம்பித்தால் பேலர் தகராறு பண்ணாது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். டிராக்டரின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மன்னார் நண்பர் கத்தோலிக்கர். அவர் தன் பங்குக்கு ஸ்டியரிங்கில் ஒரு ஜெபமாலையைச் சுற்றினார். சூடமும் ஏற்றுவோம் என்று என் கணவர் எடுத்தபோது நான் கையிலிருந்து பிடுங்கினேன். சுற்றிலும் காய்ந்த புல், இந்த ஊரில் ஒரு பொறிக்கே தீயணைப்பு வண்டி வரும், உங்களுக்குப் பைத்தியமா என்று கத்தினேன். நெருப்பு எப்படியெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெட்டி வரிவரியாகக் கிடந்த புல்லின் மேல் இன்னும் பனி இருந்தது. நடந்தபோது என் செருப்பு நனைந்தது. நண்பர் குனிந்து ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தார்.

"மச்சான், ஈரம் கிடக்கு. சாப்பிட்டுட்டுத் தொடங்குவமே. பேலர் வித்த அந்த ஏலக்காரக் கிழவனும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கட்டச் சொன்னது."

"பேருக்கு ஆரம்பிச்சு வச்சிடுவோம்டா. ரெண்டு கட்டு போட்டுட்டு நிறுத்திடலாம். நேரம் போயிடும்."

எங்கள் ஆட்கள் யாருக்கும் இது புரியும். பால் காய்ச்சுவதற்கு வீடு முழுக்க முடிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல நேரத்துக்குள் பேருக்கு ஒன்றைத் தொட்டு வைத்தால் போதும், மிச்சத்தைப் பிறகு ஆற அமரச் செய்துகொள்ளலாம். அன்றைக்கும் அப்படித்தான் திட்டம். ஆனால் அன்று பேலர் ஒரு முடிச்சைக்கூடத் தவறவிடவில்லை. ரெண்டு கட்டு வந்தது. நாலு வந்தது. பத்து வந்தது. ஒவ்வொன்றும் கடையில் வாங்கியதுபோல் சிக்கென்று இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றாக ஓடுகிற பேலரை நிறுத்துகிற தைரியம் இருவருக்கும் இல்லை. நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தால் பழைய குணம் வந்துவிடுமோ என்ற பயம். என் கணவருக்கு வந்த பயமும் அந்த ஒன்றுதான், அதுவும் தப்பான பயம்.

வெயில் ஏறுவதற்குள் மேட்டு நிலம் முழுக்கக் கட்டி முடித்துவிட்டார்கள். மீதியையும் கட்டி, எல்லாவற்றையும் தகரக் கொட்டகைக்குள் சுவரோடு சுவராக, கூரையைத் தொடுமளவு அடுக்கினார்கள். காலையில் கட்டிய ஈரக் கட்டுகள் எல்லாம் அடியிலும் நடுவிலும் போயின. ஆடு மாட்டுத் தீவனமும் கேஸ் சிலிண்டர்களும் அதே கொட்டகையில். கொட்டகைக்கும் நண்பரின் மரவீட்டுக்கும் நடுவே ஒரு கார் நிற்கிற இடம்தான். அன்றைக்கு மாலை நாங்கள் எல்லோரும் அவர்கள் குசினியில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். தண்டு யாரையும் இழுக்கவில்லை, எல்லாருக்கும் கையும் விரலும் இருந்தன. நான் நிம்மதியாக இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்கு வைக்கோல் தெரியும். அப்பா பக்கத்து ஊரில் வைக்கோல் போர் பார்த்திருக்கிறேன். நெல்லை அடித்த பிறகு மிஞ்சுகிற, ஏற்கெனவே செத்துக் காய்ந்த பொருள் அது. இது அப்படியல்ல. இது உள்ளே சாறோடு வெட்டிய பச்சைப் புல். சரியாகக் காயுமுன், பனி ஈரத்தோடு அமுக்கிக் கட்டிக் காற்றுப் புகாமல் அடுக்கினால், உள்ளே அது தானாக வேகத் தொடங்கும். கொஞ்சங் கொஞ்சமாகச் சூடு ஏறி, தீக்குச்சி இல்லாமல், வெயில் படாமல், நட்ட நடுவில் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் எங்கள் நாலு பேரில் யாருக்கும் தெரியாது. ஈரக் கட்டு பூஞ்சை பிடிக்கும், மாடு தின்னாது, அதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை போனோம். கேட்டைத் திறக்கும்போதே வாசனை வந்தது. இனிப்பான, கொஞ்சம் கருகிய, வெல்லப்பாகு முற்றிவிட்ட வாசனை.

"கொட்டிலுக்குள்ள இருந்துதான் அக்கா. நாலைஞ்சு நாளா நல்ல வாசமா கிடக்கு," என்றாள் நண்பரின் மனைவி.

எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வாசனை வரக் காரணமில்லாத இடத்திலிருந்து நல்ல வாசனை வந்தால் நான் போய்ப் பார்க்காமல் விடமாட்டேன். கொட்டகைக்குள் போனேன். வெளியே காற்று ஜில்லென்று இருந்தது, உள்ளே வெதுவெதுப்பு. கூரைத் தகரத்தின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர் கோத்து நின்று சொட்டிக்கொண்டிருந்தது. அடுக்கின் மேற்பரப்பு நடுவில் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. இரண்டு கட்டுகளுக்கு இடையே கையை நுழைத்தேன். இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன்.

"என்னங்க, இங்க வாங்க. இது சுடுது."

அவர் வந்தார், தொட்டார், சிரித்தார். "உரக்குழி கூடத்தான் சுடும். இதுவும் அப்படித்தான், கொஞ்ச நாள்ல அடங்கிடும்." பிறகு குழிந்த இடத்தைப் பார்த்தார். "அடுக்கு இறங்கியிருக்கு பார். மிச்சக் கட்டு ரெண்டை மேல போட்டு மட்டம் பண்ணிடறேன்." ஏணியைச் சாத்தி ஏறினார்.

நான் வெளியே ஓடி வந்து, அடுக்கிய புல் ஏன் சுடும் என்று போனில் தேடினேன். வந்ததை வரி வரியாகப் படித்தேன். இனிப்பு வாசனை. கூரையில் ஈரம். நடுவில் குழிவு. அத்தனையும் அதில் இருந்தது. குழிவு என்றால் அடியில் வெந்து கரியாகிவிட்டது, மேலே ஏறாதே, ஏறினால் உள்ளே விழுவாய் என்று இருந்தது. அடுக்கைப் பிரிக்காதே, காற்றுப் பட்டால் கப்பென்று பற்றும், முதலில் தீயணைப்புக்குச் சொல் என்று இருந்தது. சந்தேகமிருந்தால் ஓர் இரும்புக் கம்பியைக் கொஞ்ச நேரம் செருகி வை, எடுத்துப் பிடித்துப் பார், பிடிக்க முடியாத சூடு என்றால் ஆபத்து என்றும் இருந்தது.

"இறங்குங்க!" என்று கத்தினேன். "ஏறக் கூடாதாம். உள்ள ஓட்டையா இருக்குமாம்!"

"ஓட்டையுமில்ல ஒண்ணுமில்ல." மேலிருந்து அவர் குரல். அடுத்த நொடி, "அட!" என்றார். ஒரு கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியிருந்தது. உருவிக்கொண்டு சிரித்தார். "கட்டு லூஸா இருக்கு, அவ்வளவுதான்."

நண்பருக்கு முகம் மாறிவிட்டது. அவர் போய் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் கடப்பாரை என்று சொல்வதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். என் கணவரும் இறங்கி வந்து, இருவரும் சேர்ந்து அதைப் பக்கவாட்டில், அடுக்கின் நடுவரைக்கும் அடித்து இறக்கினார்கள். "உன் திருப்திக்குத்தான்," என்றார் என்னிடம். டீ வந்தது. நான் டீயைக் குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரவீட்டின் சுவரையும் பார்த்தேன். ஜன்னலில் பிள்ளைகள் ஒட்டிவைத்த காகிதப் பூக்கள் தெரிந்தன.

பிறகு என் கணவர்தான் அலவாங்கை இழுத்தார். பாதி வெளியே வந்ததும் இன்னும் நல்ல பிடி கிடைக்க, உள்ளேயிருந்து வந்த பகுதியைப் பிடித்தார். அடுத்த கணம் "ஆ" என்று விட்டுவிட்டார். இரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது. உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

நண்பர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையை அதில் முக்கினார்.

"இருக்கட்டும்," என்றார் என் கணவர். "மேல இருக்கறதைப் பிரிச்சு வெளிய எறிஞ்சிட்டா சூடு போயிடும். இதுக்கெல்லாம் ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டா ஊரே சிரிக்கும்." சிரிப்பார்களாம்! கை வெந்து நிற்கிறது, இவருக்கு ஊர் சிரிக்குமே என்ற கவலை. நான் பதில் சொல்வதற்குள் மறுபடி ஏணியில் ஏறிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவசர உதவிக்கான ட்ரிபிள் ஜீரோவை அழுத்தினேன். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாக முகவரி கேட்டாள். அது நண்பருக்குத்தான் சரியாகத் தெரியும், போனை அவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"இறங்குங்க."

"ரெண்டே கட்டு. வர்றேன்."

"என்னங்க, தயவுசெஞ்சு இறங்குங்க."

"வர்றேன்னு சொல்றேன்ல. சும்மா பதறாத."

அவர் ஒரு கட்டைத் தூக்கினார். அது இருந்த இடத்திலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழும்பியது. ஆவி என்று அவர் சொல்லியிருப்பார். அது ஆவியில்லை, நீலமாக இருந்தது. உள்ளே போய் அவர் காலைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று என் மனம் சொன்னது. என் கால் நகரவில்லை. பயத்தில் ஓடுவார்கள் என்பார்களே, எனக்கு அப்படி இல்லை. தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதற்கும் அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் அசைத்தார்.

பிள்ளைகளைக் காரில் ஏற்றிக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நண்பரின் மனைவி ஓடிவந்தாள். எனக்கு முன்னால் போய் நின்று ஒரே அதட்டலாகச் சொன்னாள்:

"அண்ணா, இப்ப இறங்குங்கோ!"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். இன்னொருவர் வீட்டுப் பெண் அதட்டிவிட்டாள் என்ற கூச்சம் முகத்தில் தெரிந்தது. தூக்கிய கட்டை வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேன்மா," என்று அடக்கமாக இறங்கி வந்தார். அவர் காலணி தரையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சிவப்பு வண்டிகள் வந்தன. கிராமத் தீயணைப்பில் தொண்டர்களாக இருக்கும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான், மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தலைமை தாங்கிய பெண்ணுக்கு என் வயதிருக்கும். அலவாங்கைப் பற்றிக் கேட்டாள், குழிவைப் பார்த்தாள், எல்லாரையும் வேலிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னாள். கேஸ் சிலிண்டர்களை முதலில் எடுத்தார்கள். மரவீட்டின் சுவரில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த ஒரு பெரிய டிராக்டர், முன்னால் இருந்த இரும்புக் கரங்களால் அடுக்கை வெளிப்பக்கத்திலிருந்து கவளம் கவளமாகப் பிய்த்து எடுத்தது. வெளிக் கட்டுகள் பச்சையாகவே இருந்தன. அடுத்தது பழுப்பு. அதற்கடுத்தது புகையிலை நிறம். நடுவை எட்டியபோது ஒரு கட்டு வெளிக்காற்று பட்டதும், யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி, ஒரே வீச்சில் எரிந்தது. தண்ணீர் பாய்ந்தது. கரும்புகை எங்களை மூடிக் கலைந்தது.

கலைந்த பிறகு உள்ளே தெரிந்தது. அடுக்கின் நடுவில் ஓர் ஆள் நின்றபடி இறங்குகிற அளவுக்குக் கரிய பொந்து. அதன் சுவரெல்லாம் கங்காக மினுங்கியது. மேலே அதற்கு மூடியாக ஒரே ஒரு வரிசைக் கட்டுகள் மட்டும் இருந்தன. அதில் ஒன்று ஓர் ஓரமாக அமுங்கியிருந்தது.

"யாராவது இதுக்கு மேல ஏறினீங்களா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிப் பாதிக் கையைத் தூக்கினார். அவள் அவரையும் அந்தப் பொந்தையும் பார்த்தாள். அவர் தோளைக் கையுறையோடு ஒரு தடவை தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

கொட்டகை பாதி போயிற்று. வீடு தப்பியது. மாடுகள் தூரத்து வேலியோரம் எதுவும் நடக்காததுபோல் மேய்ந்துகொண்டிருந்தன. நண்பரும் மனைவியும் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனார்கள். என் கணவர் போய் நனைந்த புல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். ஆனால் அவர் உடம்பு நடுங்குவது என் தோளில் தெரிந்தது. பல் கிட்டித்துக்கொள்கிற நடுக்கம். எனக்குத் தெரிந்து அவர் அப்படி நடுங்கியதே இல்லை.

பொந்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீ கூப்பிட்டப்போ நான் இறங்கல."

இப்போதும் சில சமயம் பயத்தில் விழித்துக்கொள்கிறேன். அந்தப் பொந்தை நினைத்து அல்ல. நான் கூப்பிடுகிறேன், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் திரும்பாமல் கையை மட்டும் அசைக்கிறார்.